அரங்கேற்ற வீடியோவை அனுப்பலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. ஒன்பது வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். போன கோடையில் சென்னையில் அரங்கேற்றம் நடந்தது. கல்லூரியில் உயிரியல் படிக்க ஆசை. யேல், பிரின்ஸ்டன் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்க இசை கைகொடுக்குமா? அரங்கேற்ற வீடியோவையே அனுப்பிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இசை கைகொடுக்கலாம். அந்த வீடியோ வேண்டாம்.

உயிரியல் படிக்கப் போகிறவரும் விண்ணப்பத்தோடு 'ஆர்ட்ஸ் சப்ளிமென்ட்' என்று இசைப் பதிவை இணைக்க நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலும் வழி உண்டு. அந்தப் பதிவு இசைத்துறை ஆசிரியர் ஒருவரிடம் போகும். அவர் முன்னே ஒரு குவியலே இருக்கும். முதல் இரண்டு நிமிடத்திலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். அரங்கேற்ற வீடியோவின் முதல் இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கை இன்னும் சூடேறாமல் வாசிக்கும் தொடக்க உருப்படியான வர்ணம், வயலினை மூழ்கடிக்கும் மிருதங்கம், நடுநடுவே குத்துவிளக்கையும் முன்வரிசை மாமாக்களையும் காட்டும் கேமரா.

புதிதாகப் பதிவு செய்யுங்கள். நேர வரம்பு இடத்துக்கு இடம் மாறும். 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) 3 நிமிடம். அதே ராகக் கீர்த்தனையில் ஓர் இடத்தை எடுத்து நிரவல் (அந்த வரியையே விதவிதமாக விரிப்பது), கல்பனாஸ்வரத்தோடு (கற்பனையில் கோக்கும் ஸ்வர வரிசைகள்) 4 நிமிடம். பிறகு வேறு ராகத்தில், விறுவிறுப்பான சின்ன உருப்படி ஒன்று. போன மாதம் பாடம் தொடங்கிய தோடி ராகத்தைவிட ஐந்து வருடம் கையில் ஊறிய கல்யாணி ராகம் எவ்வளவோ மேல்.

பலரும் கோட்டைவிடுவது பதிவோடு அனுப்பும் எழுத்துக் குறிப்பில்தான். கேட்பவர் மேற்கத்திய இசையில் ஊறியவராக இருக்கலாம். அவருக்கு ஆலாபனை, மனப்பாடம் செய்து வாசித்த உருப்படியாகவே படும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் சுருதி நிற்காத வாசிப்பாகக்கூடப் படலாம். ராகம், தாளம், இயற்றியவர் பெயரோடு, "0:00 முதல் 3:00 வரை வாசிப்பவரின் சொந்தக் கற்பனை, எழுதி வைத்ததல்ல; 4:40 முதல் மீண்டும் கற்பனை, இம்முறை தாளத்துக்குள்" என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். குரு எழுதிக் கொடுத்த ஸ்வரங்களை வாசித்தால் மட்டும் அப்படி எழுதக் கூடாது.

கைபேசி ஒலிப்பதிவை நம்பாதீர்கள். மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்தும், பலத்ததை அமுக்கும். வில்லின் அழுத்தத்தில் அவள் காட்டும் நயமெல்லாம் தட்டையாகிவிடும். தனி ரெக்கார்டரை வயலினிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். மிருதங்கம் அதைவிடத் தள்ளியே இருக்கட்டும், தம்பூரா மெல்லக் கேட்டால் போதும். ரெக்கார்டர் காட்டும் ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒரே கேமரா, அசையாமல். வில் பிடித்த கையும் இடது கை விரல்களும் முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மூன்று நான்கு தடவை வாசிக்கச் சொல்லி நல்லதைத் தேர்ந்தெடுங்கள். ஓர் உருப்படிக்குள் வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது, காது தேர்ந்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அனுப்புமுன், அவளுடைய குரு அல்லாத ஒரு வித்வானிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் தயங்கினால் அனுப்ப வேண்டாம். சுமாரான பதிவு உதவாது, கெடுக்கவும் செய்யும். இதைச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பதிவு போகாவிட்டாலும் ஒன்பது வருட உழைப்புக்கு, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் இடமுண்டு. செயல்பாட்டு விவரத்துக்கு இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். "இசையில் பேரார்வம்" என்று அதை வீணாக்காமல் மேடை, பரிசு, சொல்லிக்கொடுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை என்று எழுதட்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் பயிற்சி என்று போட்டால், அவள் எடுத்திருக்கும் பாடங்களைப் பார்க்கிறவர் நம்ப மாட்டார். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தால் அது விருதுப் பகுதிக்குப் போகும். அங்கே ஐந்தே இடங்கள்.

குரு எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தில் "தெய்வீக அருள் பெற்ற குழந்தை" எல்லாம் வேண்டாம். எப்போதிலிருந்து கற்கிறாள், புதிய பாடத்தை எத்தனை வகுப்பில் பிடிக்கிறாள், தவறைத் திருத்தினால் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று ஒரு பக்கம் போதும்.

யேலில் 'ஸ்கூல் ஆஃப் மியூசிக்' என்பது பட்டமேற்படிப்புக்கானது. உங்கள் மகள் விண்ணப்பிக்க வேண்டியது யேல் காலேஜுக்கு. பட்டியலில் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தையும் சேர்க்கச் சொல்வேன். 1960-களிலிருந்து கர்நாடக இசை கற்பிக்கும் இடம், மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனும் ஆசிரியர்களாக இருந்தது அங்கேதான். அங்கே கமகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்காது.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு வழக்கமான கெடு நவம்பர் 1. சில இடங்களில் கலைப் பதிவுக்கான கெடு அதற்கும் முன்னதாகவே வந்துவிடும். எனவே பள்ளி திறப்பதற்குள், ஆகஸ்டிலேயே பதிவை முடித்துவிடுங்கள். ஏற்றிய கோப்பை வேறொரு கணினியில் திறந்து கடைசிவரை கேளுங்கள். பாதியில் அறுந்த கோப்பை அனுப்பிவிட்டு ஜனவரியில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.