அரிசி டிரம்மில் இருக்கும் போனை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. டிப்ளமோ முடித்து வேலை இல்லாமல் இருந்தான். பேங்க் அக்கவுன்டையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 ரூபாய் தருவதாக நண்பன் ஒருவன் சொன்னதை நம்பிக் கொடுத்திருக்கிறான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் அதில் வந்து போயிருக்கிறது. ஒன்பது நாளுக்கு முன் சைபர் கிரைம் போலீஸ் கைது செய்தார்கள். இப்போது சிறையில் இருக்கிறான். "அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்கிறார் என் கணவர். எஃப்ஐஆரிலிருந்து பெயரை எடுத்துத் தர ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். நேற்று அரிசி டிரம்மில் படியை விட்டபோது பாலித்தீன் கவரில் இன்னொரு போனும் இரண்டு கார்டுகளும் கிடைத்தன. கிணற்றில் போட்டுவிடச் சொல்கிறார் கொழுந்தனார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் போன். கிணற்றில் போடாதீர்கள். சார்ஜ் ஏற்றி ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம். தடயத்தை அழிப்பது தனிக் குற்றம். அழித்தது நீங்கள் என்றால் வழக்கு உங்கள் மேலும் வரும். அப்புறம் சிறைக்கும் கோர்ட்டுக்கும் அலைய அவனுக்கு யார் இருக்கிறார்கள்? "கார்டைக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று அந்த நண்பன் அனுப்பிய மெசேஜ் அதில் இருக்கலாம். உங்கள் மகன் ஆசைகாட்டி இழுக்கப்பட்டவன் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பாதகமாகவும் ஏதாவது இருக்கலாம்தான். அதை எடைபோட வேண்டியவர் வழக்கறிஞர். கவரை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அந்த 80,000 ரூபாய் ஆசாமியை இனி வாசலில் நிற்க விடாதீர்கள். எஃப்ஐஆர் பதிவான கையோடு மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடும். அதில் ஏறிய பெயரை அப்புறம் யாராலும் அழித்துத் தர முடியாது.

இனிச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதைச் சட்டம் காப்பாற்றுகிறது. வழக்கறிஞரிடம் சொன்னதையும் காப்பாற்றுகிறது. அம்மாவிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. நாளைக்குக் கோர்ட்டில் உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் நீங்கள் சொல்லியாக வேண்டும். அதனால் சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போகும்போது "என்னடா நடந்துச்சு" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் வார்டர் இருப்பார், வரிசையில் மற்றவர்கள் இருப்பார்கள். எதையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

என் அக்கா மகன் உள்ளே இருந்தபோது கிடைத்த கொஞ்ச நேரத்தையும் "ஏண்டா இப்படிப் பண்ணினே" என்று கேட்டே தீர்த்தோம். அவன் கம்பி வலையில் விரலைக் கோத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்துக் கிளம்பும்போதுதான் அவன் கழுத்துப் பக்கம் முழுக்கச் சொறிந்து புண்ணாகிக் கிடந்ததைப் பார்த்தோம். மருந்து கிடைக்கிறதா என்று கேட்க நேரம் இல்லை. நீங்கள் தூக்கம், சாப்பாடு, உடம்பு இவற்றைக் கேளுங்கள்.

எஃப்ஐஆர் நகலை வாங்கிப் பிரிவுகளைப் பாருங்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கான இரண்டு பிரிவுகள், அதாவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி மட்டும் என்றால், முதலாவதுக்கு 7 ஆண்டு வரையும் அடுத்ததற்கு 3 ஆண்டு வரையும் தண்டனை உண்டு. இந்த மாதிரி வழக்கில் முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து, அதாவது மாஜிஸ்திரேட் அவனை முதன்முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து, 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் அவன் உரிமை. ஆனால் மனு போட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முன்பே ஜாமீன் கேட்கலாம். மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட், அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

அந்த ஆசிரியையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவரும் ஒரு வீட்டின் பெரிய மனுஷி, சேர்த்த பணம் போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் காலில் விழலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம், போகாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக ஆகிவிட்டால் ஜாமீனுக்கே ஆபத்து. கமிஷன் பணத்தில் வீட்டில் மிச்சம் இருந்தால் ஒரு ரூபாய்கூடத் தொட வேண்டாம். அதைத் திருப்பிச் செலுத்த கோர்ட் மூலமாக வழி இருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

உங்கள் கணவரிடம் மகனை மன்னிக்கச் சொல்லி இப்போது மன்றாடாதீர்கள். அவமானம் அவரை அப்படிப் பேச வைக்கிறது, அது ஆறக் காலம் ஆகும். ஜாமீன் கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு பேர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்கச் சொல்வதும் உண்டு. அந்த ஒரு நாள் மட்டும் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் உங்கள் கூடப் பிறந்தவர்களிடம் பேசி, ஆதார், வீட்டு வரி ரசீது இரண்டையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்படி நிபந்தனை வரலாம். முதல் சில நாட்களாவது நீங்களும் அவனோடு பஸ் ஏறிப் போய் வாருங்கள்.