15 வருடம் தாண்டிய ஜீப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா 1988-இல் வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஓடியது. ஆர்.சி. முடிந்து ஆறு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. 'அரசாங்கமே உடைக்க எடுத்துக்கொள்ளும், இரும்பு விலைக்குக் கொடுத்துடுங்க' என்கிறார் ஒரு புரோக்கர். மிகப் பழைய வண்டிகளுக்குத் தரும் விண்டேஜ் நம்பர் வாங்கித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்ய?"

கொடுக்காதீர்கள். நம் ஊரில் தனியார் வண்டியை வயதைக் காட்டி யாரும் பிடுங்க முடியாது. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து அந்த வழி அடைபட்டது அரசுத் துறை வண்டிகளுக்கு. அந்தச் செய்தியைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் கொட்டகைகளைக் காலி செய்கிறார்கள்.

புரோக்கருக்கு வேண்டியது உங்கள் இரும்பு இல்லை, ஆர்.சி.யும், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பரும். கணக்கில் இல்லாத ஒரு ஜீப்பில் உங்கள் நம்பரை ஏற்றிவிட்டால் அது 'சிங்கிள் ஓனர், 88 மாடல்' ஆகிவிடும். என் ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி ஒன்று வந்தது, புது பெயிண்ட் பளபளக்க. சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். இரண்டு எண்கள் மட்டும் ஆழமாக, லேசாகச் சாய்ந்து விழுந்தன. பக்கத்தில், பழைய எண்ணை அழிக்கக் கிரைண்டர் ஓடிய கோடு. வாங்கியவர் பேச்சில்லாமல் நின்றார். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ஐ நிரப்பாமல் கையெழுத்துப் போட்டு யாரிடமும் தராதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் கோர்ட் தேடி வருவது உங்களைத்தான்.

விண்டேஜ் பேச்சு உங்களுக்கு இப்போது பொருந்தவே பொருந்தாது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2038-இல்தான். அப்போதும் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் கம்பெனி கொடுத்தபடி இருக்க வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், டீசல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாம். தோட்டத்துக்குத் தினமும் ஓட்ட முடியாது. இதற்கு இப்போதே அட்வான்ஸ் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விலை ஏறுவது உண்மைதான். மழையில் தரைத்தகடு அரித்து உடைபட்டவை போக, மிஞ்சியவற்றில் பலவற்றுக்கு எஞ்சின் மாற்றிவிட்டார்கள். ஆர்.சி.யில் உள்ள அதே எஞ்சின் நம்பரோடு 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின் இருக்கும் வண்டியைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். எஞ்சின் ஜாம் ஆகியிருந்தாலும் அதைக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.

இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ். 20 வருடம் தாண்டிய வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 வீதம் ஆறு வருடத்துக்கு 36,000. அதற்கு மேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ். கொட்டகையை விட்டு நகராத வண்டி யாருக்கு என்ன புகை விட்டது? எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. இப்படித்தான் நல்ல வண்டிகளைப் புரோக்கர் கையில் தள்ளுகிறார்கள். ஆனாலும் கட்டிவிடுங்கள், கையில் உயிருள்ள ஆர்.சி. இருந்தால்தான் விலை பேச முடியும்.

வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோகும் முன் அவசரப்பட்டுச் சாவியைத் திருகாதீர்கள். பழைய டீசலை வடித்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, முதலில் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.