டார்வின் சொன்னதும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா?

கேள்வி: 1859-இல் டார்வினின் நூல் வந்ததும் விஞ்ஞானிகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் கட்டுரையை டார்வின் படித்திருந்தால் கதை மாறியிருக்குமா?

பாதியை ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதிக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

நான் விலங்கியல் படித்த காலத்தில், வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்ற லாமார்க் தவறு, டார்வின் சரி, அடுத்த பாடம் மெண்டல் என்று விறுவிறுவென்று போய்விடும். ஒட்டகச்சிவிங்கி படம் போட்டால் ஐந்து மதிப்பெண் நிச்சயம். நடுவே இவ்வளவு பெரிய சண்டை நடந்தது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

டார்வின் சொன்னது இரண்டு விஷயம். உயிரினங்கள் பொதுவான முன்னோரிலிருந்து கிளைத்து மாறி வந்தவை என்பது ஒன்று. அந்த மாற்றத்தை முக்கியமாக நடத்துவது இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்கு ஏற்ற குணமுள்ளவை அதிகமாகப் பிழைத்துச் சந்ததி விடுவது, என்பது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலான உயிரியலாளர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதில்தான் வில்லங்கம். டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லிக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது.

ஏன் என்றால், பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு பேரின் குணமும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதுதான் பொதுவான நினைப்பு. 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்பவர் அங்கேயே கை வைத்தார். அவர் உயிரியலாளர்கூட இல்லை, கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுகிற பொறியாளர். அவருடைய வாதத்தை நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஓர் அண்டாப் பாலில் ஒரு டம்ளர் டிகாக்ஷன் ஊற்றுங்கள். அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து இன்னோர் அண்டாப் பாலில் ஊற்றுங்கள். எவ்வளவு உயர்ந்த டிகாக்ஷனாக இருந்தாலும் மூன்றாவது அண்டாவில் வெறும் பால்தான். எங்கோ ஒரு விலங்கிடம் அபூர்வமாகத் தோன்றும் நல்ல குணமும் இப்படியே கரைந்துபோகும் என்றால், இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? டார்வினை உண்மையிலேயே உறுத்திய விமர்சனம் இது.

இன்னொரு பக்கம் இயற்பியலாளர் கெல்வின், பூமி குளிர்ந்த வேகத்தை வைத்து அதன் வயதைக் கணக்குப் போட்டு, கடைசியில் 2 முதல் 4 கோடி ஆண்டு என்கிற அளவுக்கு இறக்கிவிட்டார். அவ்வளவு குறைந்த காலத்தில் மெதுவான மாற்றத்துக்கு எங்கே இடம்? கதிரியக்கத்தைக் கொண்டு பாறைகளின் வயதை அளக்க முடிந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஓட்டையை அடைக்க 1868-இல் டார்வின் தானே ஒரு கருதுகோளைக் கொண்டுவந்தார். உடம்பின் ஒவ்வொரு பாகமும் நுண்துகள்களை உதிர்க்கிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் போய்ச் சேர்கின்றன, வாழ்நாளில் ஏற்பட்ட மாற்றமும் அப்படியே பிள்ளைக்குப் போகலாம் என்றார். லாமார்க்கைத் தோற்கடித்தவர் என்று நாம் படித்த அதே டார்வின்தான்! அவருடைய உறவினர் கால்டன், முயல்களுக்குள் இரத்தத்தை மாற்றி ஏற்றி இதைச் சோதித்தார். குட்டிகளில் ஒரு மாற்றமும் இல்லை. துகள்கள் இரத்தம் வழியாகப் போகும் என்று நான் சொல்லவே இல்லையே என்று டார்வின் நழுவிக்கொண்டார். அப்புறம் ஜெர்மனியில் வைஸ்மன் என்பவர் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வாலில்லாமல் பிறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காது குத்திவருகிற நம் ஊரில் கேட்டிருந்தால் எலிகளை விட்டுவிட்டிருக்கலாம்.

1900-இல் மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. டார்வின் கட்சிக்கு இனி நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. பேட்ஸன் போன்ற மெண்டல்வாதிகள், பரிணாமம் பெரிய தாவல்களாக நடக்கிறது, சின்னச் சின்ன வேறுபாடுகளால் ஒன்றும் ஆகாது என்றார்கள். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தரப்போ, மனித உயரம் படிப்படியாக வேறுபடுகிறது, அதற்குப் பட்டாணிக் கணக்கு பொருந்தாது என்றது.

அதைத் தீர்த்துவைத்தது கணிதம். மெண்டல் காட்டியபடி, மரபுக்கூறுகள் பாலும் டிகாக்ஷனும் அல்ல. கறுப்பும் வெள்ளையுமான புளியங்கொட்டைகள். எத்தனை முறை குலுக்கினாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அப்பாவிடம் இல்லாத ஒன்று பேரனிடம் எட்டிப் பார்த்து, ‘தாத்தாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்’ என்று நாம் சொல்வதற்கும் அதுவே காரணம். உயரம் போன்ற குணத்தில் இப்படிப் பல கூறுகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்தாலே படிப்படியான வேறுபாடு வந்துவிடும் என்று ஃபிஷர் 1918-இல் காட்டினார். 1924-இல் ஹால்டேன், மான்செஸ்டர் பகுதியில் 1848-இல் அபூர்வமாக இருந்த கறுப்பு அந்துப்பூச்சிகள் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பான்மையாகிவிட்டதைக் கணக்கிட்டார். வெளிர்நிறப் பூச்சிகளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சந்ததி விட்டிருந்தால்தான் அது சாத்தியம். (இந்த ஹால்டேன் 1957-இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தார்.) 1942-இல், டார்வினையும் மெண்டலையும் சேர்த்த இந்த இணைப்புக்கு ‘நவீனத் தொகுப்பு’ என்ற பெயரை நூல் தலைப்பாக்கியவர் ஜூலியன் ஹக்ஸ்லி. சந்தேகப்பட்ட அதே ஹக்ஸ்லியின் பேரன்.

சரி, இரண்டாவது கேள்வி. மெண்டலின் கட்டுரை டார்வின் வீட்டில் பக்கம் பிரிக்கப்படாமல் கிடந்தது என்பது கட்டுக்கதை. டார்வினின் நூலை ஜெர்மன் மொழியில் படித்துக் குறிப்பெடுத்தவர் மெண்டல்தான். படித்திருந்தாலும் டார்வினுக்குப் பெரிதாக உதவியிருக்காது என்பது என் எண்ணம். ஸ்நாப்டிராகன் செடியில் சாதாரணப் பூவையும் வடிவம் மாறிய பூவையும் டார்வினே கலந்து பார்த்திருக்கிறார். முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணம். அடுத்த தலைமுறையில் 127 செடிகள்: 88 சாதாரணம், 37 மாறியவை, 2 இடைப்பட்டவை. இரண்டாம் தலைமுறையில் மூன்று சாதாரணத்துக்கு ஒன்று மாறியது என்ற மெண்டலின் விகிதம் ஏறக்குறைய கையிலேயே இருந்தது. ஒரு தலைமுறை அடங்கிக் கிடந்ததால் அந்தக் குணம் வலுப்பெற்றுத் திரும்பியிருக்கிறது என்று எழுதிவிட்டு அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.