கைக்குட்டையும் நாற்பது பன்றிகளும்

கேள்வி: மத்தியகால ஐரோப்பாவில் 'நைட்' எனப்பட்ட குதிரை வீரர்கள், மனம் கவர்ந்த சீமாட்டியின் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போருக்குப் போவார்களாம். பெண்கள் கோட்டைக்குள் பத்திரமாக இருப்பார்களாம். பெண்களைக் காக்கும் அந்தப் பெருந்தன்மை இன்றைய இளைஞர்களிடம் இல்லாமல் போனது ஏன்?
- வாசகர் ஒருவர், புதுக்கோட்டை

பதில்: இன்றைய இளைஞர்களை விடுங்கள். அவர்களைத் திட்டச் சொல்லி எனக்கு வாராவாரம் கடிதம் வருகிறது, திட்டி அலுத்துவிட்டது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கைக்குட்டை.

1338 ஜனவரி. ஸ்காட்லாந்தில் கடலோரப் பாறை மேல் நிற்கும் டன்பார் கோட்டை. கோட்டைக்குரிய பிரபு ஊரில் இல்லை. உள்ளே இருந்தவர் அவர் மனைவி ஆக்னஸ். 'கறுப்பு ஆக்னஸ்' என்றால்தான் அங்கே தெரியும். வெளியே ஆங்கிலேயப் படையோடு சாலிஸ்பரி பிரபு வில்லியம் மான்டகு. அவருடைய பொறிகள் பாறாங்கற்களை வீசி மதிலை அடிக்கும். அடித்து ஓய்ந்ததும் ஆக்னஸின் பணிப்பெண்கள், கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு மதில்மேல் வந்து, கல் பட்ட இடத்தைத் துணியால் தூசி தட்டிவிட்டுப் போவார்களாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை இது. கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் முற்றுகை நிஜம். ஐந்து மாதம் கழித்து ஜூனில் சாலிஸ்பரி வெறுங்கையோடு திரும்பிப் போனதும் நிஜம்.

கல் பலிக்காமல் போனதும் சாலிஸ்பரி 'பன்றி'யைக் கொண்டுவந்தார். சக்கரம் வைத்த மரக்கூடாரம். அதற்குள் பதுங்கியபடி மதில் அடிவரை தள்ளிக்கொண்டு போய் அஸ்திவாரத்தைத் தோண்டலாம். ஆக்னஸ் மேலிருந்து பெரிய பாறையாகப் பார்த்து உருட்டிவிட, கூடாரம் நொறுங்கி, உள்ளே இருந்தவர்கள் குட்டிகள்போல் சிதறி ஓடினார்கள்.

கவனியுங்கள், பாறை. கொதிக்கும் எண்ணெய் இல்லை! சினிமாக்காரர்களோடு எனக்குப் பல வருஷமாக இதில்தான் தகராறு. கோட்டை முற்றுகை என்றாலே அண்டா அண்டாவாக எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். ஐயா, முற்றுகைக்குள் மாட்டியவனுக்கு எண்ணெய் தின்கிற பொருள். விலையும் அதிகம். கல்லும் வெந்நீரும் காய்ச்சிய மணலும் இருக்கும்போது, எந்த வீட்டுக்காரி எண்ணெயைத் தூக்கி எதிரி தலையில் கொட்டுவாள்?

கொழுப்பு வேலை செய்தது மேலிருந்து இல்லை, கீழிருந்து. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ரோசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டார். கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மண் சரியாதபடி மரத்தூண்களை முட்டுக்கொடுத்தார்கள். தூண்களை எரித்துவிட்டால் மூலை தானாகச் சரியும். நன்றாக எரிய வேண்டுமே? நவம்பர் 25 அன்று மன்னர் தன் தலைமை நீதிபதிக்கு ஓர் ஆணை அனுப்பினார்: இரவு பகல் பாராமல் உடனே நாற்பது பன்றி அனுப்பு, நல்ல கொழுத்ததாக இருக்கட்டும், ஆனால் தின்பதற்கு லாயக்கற்றதாகப் பார்த்து அனுப்பு. நாடு பற்றி எரிகிறது, பிரபுக்கள் கலகம் செய்கிறார்கள், மன்னருக்கோ நல்ல பன்றி வீணாகிவிடக்கூடாதே என்ற கவலை! அந்தக் கால நீதித்துறையின் வேலைப்பளுவையும் நினைத்துப் பாருங்கள். மூலை சரிந்தது. பிறகு வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலையும் சதுரம், ஒன்று மட்டும் வட்டம்; இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எங்கே விட்டேன்? பெருந்தன்மை. அது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நைட்டுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. எதிரி நைட்டைக் கொன்றால் பிணம்; பிடித்தால் பணம். வில்லியம் மார்ஷல் என்பவரைத்தான் நைட்டுகளில் தலைசிறந்தவர் என்பார்கள். இளம் வயதில் இவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து பந்தயப் போர்களில் ஒரே பருவத்தில் 103 பேரைப் பிடித்துப் பணம் கறந்திருக்கிறார்கள். வீரமா வியாபாரமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதே மார்ஷல் எழுபது வயதில் ஒரு பெண்ணைக் காப்பாற்றவும் போனார், அதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லிங்கன் என்ற நகரத்தின் கோட்டைக்குத் தளபதி நிக்கோலா த லா ஹே என்ற பெண்மணி. அப்பா வழி வந்த பதவி. 1191இலேயே கணவர் வெளியே இருக்க ஒரு முற்றுகையைத் தாங்கியவர். பிரபுக்கள் வருஷத்தில் பாதி நாள் போர், அரசவை, சிறை என்று வெளியே கிடப்பார்கள். தானியக் கணக்கு, காவலர் சம்பளம், வில்லாளிகள் எல்லாம் மனைவி பொறுப்பு. சீமாட்டிகளுக்குப் போர்முறையும் முற்றுகையும் தெரிந்திருக்க வேண்டும் என்று கிறிஸ்தீன் த பிசான் என்ற பெண்மணி 1405இல் எழுதியே வைத்தார். உங்கள் 'பத்திரமாக' என்பதன் லட்சணம் இதுதான்.

1217இல், கலகக்காரப் பிரபுக்களோடு சேர்ந்து இங்கிலாந்தைப் பிடிக்க வந்த பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் லிங்கன் நகரைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை மட்டும் அறுபதைத் தாண்டிய நிக்கோலாவின் கையில். மே 20ஆம் தேதி மார்ஷல் இங்கிலாந்து அரசின் படையோடு வந்து சேர்ந்தார். வீதிக்கு வீதி சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துச் செத்த பெரிய மனிதர்களை விரல்விட்டு எண்ணலாம். முந்நூறு நைட்டுகள் வரை உயிரோடு பிடிபட்டார்கள். அன்று மாலை, ஜெயித்த படை நகரைக் கொள்ளையடித்தது. தேவாலயத்தையும் விடவில்லை. 'லிங்கன் சந்தை' என்று அதற்குக் கேலிப் பெயர் வேறு. மானத்துக்குப் பயந்த ஊர்ப் பெண்கள் குழந்தைகளையும் வேலைக்காரிகளையும் வீட்டுச் சாமான்களையும் சிறு படகுகளில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். ஓட்டத் தெரியவில்லை, பாரமும் தாங்கவில்லை, மூழ்கினார்கள். பிறகு அந்த ஆற்றில் வெள்ளிக் கோப்பைகள் கிடைத்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பெண்களுக்கு மீட்புப் பணம் தர யாருமில்லை. அவர்கள் கைக்குட்டை எந்த நைட்டிடமும் இல்லை.

கோட்டையைக் காத்த நிக்கோலாவுக்கு என்ன பரிசு? சில நாட்களில் பதவி பறிபோனது. பறித்தவர் யார் தெரியுமா? சாலிஸ்பரி பிரபு! டன்பார் ஆள் அல்ல, அவருக்கு நூறு வருஷத்துக்கு முந்தையவர், மன்னர் ஜானின் சகோதரர் வில்லியம் லாங்கெஸ்பே. அந்தப் பட்டத்துக்கும் பெண்களுக்கும் ஆகாது போலிருக்கிறது. நிக்கோலா சும்மா இருக்கவில்லை. அரசவை வரை போய் வழக்காடி, அந்த ஆண்டு முடிவதற்குள் கோட்டையைத் திரும்ப வாங்கினார். 1226 மார்ச்சில் லாங்கெஸ்பே இறந்தார். அதே ஆண்டு, அதற்குப் பிறகுதான் நிக்கோலா கோட்டையை விட்டு இறங்கினார்.

லாங்கெஸ்பேயின் கல்லறை சாலிஸ்பரி தேவாலயத்தில் இருக்கிறது. மேலே முழுக்கவச நைட்டாகப் படுத்திருக்கும் சிலை, கேடயத்தில் சிங்கங்கள், பார்க்கக் கம்பீரம். 1791இல் திறந்தபோது மண்டை ஓட்டுக்குள் ஒரு செத்த எலி கிடைத்தது. எலி உடம்பில் ஆர்சனிக் விஷத்தின் தடயம். எலியை இப்போது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். விஷம் வைத்தது யார் என்று அடுத்த வாரம் கடிதம் போடாதீர்கள். நிக்கோலா மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.