கண்ணாடியில் ஆவி, தரையில் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குளிர் நாட்களில் நாலு பேர் காரில் ஏறினால் போதும், தெருமுனை தாண்டுவதற்குள் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. தனியாக ஓட்டும்போது அவ்வளவு இல்லை. வண்டியில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கணக்குதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. நாலு பேர் என்றால் 160 கிராம். சாதாரணக் காருக்குள் இருக்கும் காற்று சுமார் 3 கன மீட்டர். கண்ணாடி 5 டிகிரியில் இருந்தால் அதை ஒட்டிய காற்று ஒரு கன மீட்டருக்கு 7 கிராமுக்கு மேல் ஈரத்தைத் தாங்காது. ஆக, உள்ளே மொத்தம் 20 கிராம் ஈரம் சேர்ந்தாலே கண்ணாடி வேர்க்கத் தொடங்கிவிடும். அடைத்துப் பூட்டிய காரில் நாலு பேருக்கு ஏழெட்டு நிமிட வேலை அது. நனைந்த குடையும் ஈரச் செருப்பும் கூடவே ஏறினால் இன்னும் சீக்கிரம்.

மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் தண்ணீர் என்பதை விட, அது பொடிப்பொடித் துளிகளாக நிற்பதுதான். ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் சீராகப் பரவாமல் துளியாகவே நிற்கும். அதனால் அழுக்குக் கண்ணாடி மோசமாக மங்கும். உள்ளங்கையால் துடைக்கிறவர்கள் அடுத்த முறைக்கான பிசுக்கைத் தங்கள் கையாலேயே பூசிவைக்கிறார்கள்.

கேள்வி: குளிரில் நடுங்கும்போது ஏசியைப் போடச் சொல்கிறார்கள். ஹீட்டர் மட்டும் போதாதா?

பதில்: ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், ஈரத்தை எடுக்காது. ஈரத்தைப் பிரித்து வெளியே தள்ளும் வேலையை ஏசிதான் செய்கிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர், அதாவது ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி, கிட்டத்தட்ட உறைநிலை வரை குளிர்ந்திருக்கும். காற்று முதலில் அதன் தகடுகளுக்கு இடையே புகும்போது ஈரம் துளியாகி, அடியில் உள்ள குழாய் வழியே சாலையில் சொட்டிவிடும். ஈரம் இழந்த அந்தக் காற்றுதான் பிறகு ஹீட்டரில் சூடேறிக் கண்ணாடிக்கு வருகிறது. ஏசி ஓடுவதால் உள்ளே குளிருமோ என்று பயப்பட வேண்டாம். வெப்பத்தைக் கூட்டி வைத்தால் சூடான காற்றுதான் வரும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில், உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். குளிரில் கண்ணாடி மங்கும் காரைப் பார்த்தால் இந்தப் பொத்தானில் விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கோடையில் போட்டதை அப்படியே மறந்திருப்பார்கள். அடுத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசியைப் போட்டு, வெப்பத்தை முழுதாக ஏற்றி, புளோயரை உச்சத்துக்கு வையுங்கள். எஞ்சின் சூடாகும் வரை, அதாவது முதல் சில நிமிடங்களுக்கு, ஹீட்டரில் சூடு வராது. அந்த நேரத்துக்கு இரண்டு பக்க ஜன்னலை விரல் அகலம் இறக்கிவிடுங்கள். கண்ணாடி தெளிந்ததும் புளோயரைக் குறைக்கலாம், ஆனால் அணைக்க வேண்டாம். பல வண்டிகளில் முன்கண்ணாடிப் பொத்தானை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும்.

வெளியே உறைநிலையை நெருங்கினால் பல கார்களில் ஏசியை இயக்கும் கம்பரசர் ஓடாது. அது பழுதல்ல, எவாப்பரேட்டர் உறைந்துவிடாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பரசர் தேவையும் இல்லை. 0 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் ஈரம்கூடத் தாங்காது. அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வெளிக்காற்றும் ஹீட்டருமே கண்ணாடியைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிடும்.

கேள்வி: கண்ணாடி பளிச்சென்று ஆனதும் ஏசியை அணைத்தால், அடுத்த அரை நிமிடத்தில் முன்பைவிட மோசமாக மங்குகிறதே?

பதில்: ஏசி நின்ற கணத்தில் எவாப்பரேட்டர் தகடுகள் முழுக்க ஈரமாக இருக்கும். புளோயர் மட்டும் ஓடினால் காற்று அந்த ஈரத்தை வாரிக்கொண்டு நேராகக் கண்ணாடிக்கு வரும். ஆகவே ஓடும்போது ஏசியை அணைக்காதீர்கள். அணைத்தே ஆக வேண்டும் என்றால் காற்றைக் கால் பக்கம் திருப்பிவிட்டு அணையுங்கள். வண்டியை நிறுத்தப் போகும் கடைசி இரண்டு மூன்று நிமிடம் ஏசி இல்லாமல் புளோயரை ஓட்டினால் தகடுகள் உலரும். பூஞ்சை நாற்றமும் குறையும்.

கேள்வி: இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. காரில் யாரும் இல்லாதபோது ஈரம் எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்கள் காருக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் தீராது, தேங்கிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கால்மிதியைத் தூக்கிக் கார்பெட்டைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துதான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு இருக்கும். லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே ஒன்றும் தெரியாதபடி கிடக்கும் அது. காகிதத் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன் மேல் முழங்காலை ஊன்றி முழு எடையையும் பத்து நொடி அழுத்துங்கள். எடுத்துப் பார்த்தால் காகிதம் உண்மையைச் சொல்லிவிடும். நாலு கால்மாடத்திலும் (இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடம்) இப்படிச் செய்யுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்கள்.

எங்கே ஈரம் என்பதை வைத்து எங்கே ஒழுக்கு என்று ஊகிக்கலாம். முன் இருக்கைகளின் கால்மாடம் நனைந்திருந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். இலையும் சேறும் வடிகால் துளையை அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் நிரம்பி, புளோயர் வாய் வழியே உள்ளே வழியும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் அதுவும் ஊறியிருக்கும். கதவோரம் மட்டும் ஈரமென்றால், கதவின் உள்தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் விட்டிருக்கலாம். ஜன்னல் இடுக்கில் இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளையில் வெளியேறாமல் உள்ளே வருவது அதனால்தான். சன்ரூஃப் இருந்தால் அதன் நாலு மூலையிலும் மெல்லிய வடிகுழாய் உண்டு. ஒரு கோப்பைத் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அடைப்பு. இரும்புக் கம்பி விடாதீர்கள், குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும்; மெல்லிய நைலான் நரம்பு போதும். டிக்கிக் குழியில் தண்ணீர் என்றால் பின்விளக்கின் ரப்பர், டிக்கிக் கதவின் ரப்பர் இரண்டையும் சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய ஹோஸ் குழாய்ச் சோதனை செய்யுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, மற்றவர் கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம் என்று மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும். ஒழுக்கை அடைத்த பிறகும் பஞ்சைக் காயவைக்காமல் விட்டால் பயனில்லை. கார்பெட்டைத் தூக்கிக் கட்டை வைத்து, காற்றாடியை இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் படிவது வெறும் தண்ணீர்போல இல்லை. துடைத்தால் வழவழப்பாக இழுபடுகிறது. ஹீட்டர் போட்டால் இனிப்பான வாடையும் வருகிறது.

பதில்: ஹீட்டர் கோர் கசிகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடும் சின்ன ரேடியேட்டர் அது, டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. கசியும் கூலன்ட் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால்தான் அந்தப் பிசுக்கு. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியின் அளவைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். மெக்கானிக்கிடம் பிரஷர் சோதனை செய்யச் சொல்லுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குழந்தைகளும் நாயும் ஏறும் வண்டியில் தள்ளிப்போடக் கூடாத வேலை. வாடையே இல்லாத சுத்தமான தண்ணீர், அதுவும் ஏசி ஓடும் நாட்களில் மட்டும் முன்பக்கத் தரையில் வந்தால் அது வேறு: ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

கேள்வி: அரிசி மூட்டை, உப்பு, சிலிக்கா ஜெல், ஷேவிங் நுரை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது வேலை செய்யும்?

பதில்: அரிசியைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு அளவுக்கு ஈரத்தை இழுக்கும். ஒரு கிலோ பை 250 கிராம் குடிக்கும். நாலு பேர் ஒன்றரை மணி நேரத்தில் விடும் மூச்சுக்கே அது நிரம்பிவிடும். எனவே ஓடும் வண்டிக்கு அது உதவாது, இரவில் மூடிக் கிடக்கும் வண்டிக்கு உதவும். நிரம்பியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி வைக்கலாம். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பதை வாங்குங்கள். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நன்றாக ஈரம் இழுக்கும், ஆனால் இழுத்த ஈரம் உப்புக்கரைசலாகி டப்பாவில் நிற்கும். வளைவில் கவிழ்ந்தால் கார்பெட் காயவே காயாது, தரைத் தகடும் துருப்பிடிக்கும்.

ஷேவிங் நுரையும் பாத்திர சோப்பும் ஈரத்தைக் குறைப்பதில்லை. துளியாக நிற்காமல் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவும்படி செய்கின்றன, அவ்வளவுதான். சில நாள் தாங்கும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அந்தப் படலத்தில் பரவிக் கண்ணைக் கூசும் என்பதால் முன்கண்ணாடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைவிட, கண்ணாடியை ஒழுங்காகச் சுத்தம் செய்வது மேல். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து (கண்ணாடியில் தெளித்தால் டேஷ்போர்டு நனையும்) துடையுங்கள். உடனே இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி. உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் நெடுக்காகவும் துடைத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கம் என்று பார்த்த உடனே தெரியும்.

கேள்வி: பின்கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் டிஃபாகர் கோடுகளில் ஒரு கோடு மட்டும் தெளிவதில்லை. கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது. டிஃபாகரைப் போட்டு, வோல்ட் அளக்கும் மீட்டரின் கறுப்பு முனையை, கோடுகள் வந்து சேரும் ஓரப்பட்டைகளில் எர்த் (நெகட்டிவ்) பக்கத்துப் பட்டையில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டால் கோடு கீறாது. மறுபக்கத்திலிருந்து கோட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் 12 வோல்ட் சிறிது சிறிதாக இறங்கி நடுவில் 6 காட்டும். அறுந்த கோட்டில் 12 அப்படியே நின்று, ஓரிடத்தில் திடீரென்று பூஜ்யமாகும். அந்த இடம்தான். டிஃபாகரை அணைத்துவிட்டு அங்கே துடைத்து, கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தடவுங்கள். ஒரு நாள் காயட்டும். இனிமேல் அந்தக் கண்ணாடியைக் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் ஆவி வெளிப்பக்கம் படிகிறது!

பதில்: வைப்பரைப் போட்டதும் போய்விட்டால் வெளிப்பக்கம்தான். ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்று ஈரமாக இருக்கிறது. காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுங்கள்.

கேள்வி: சுற்றுலா போகும்போது மட்டும் புளோயர் காற்று குறைந்து கண்ணாடி மங்குகிறது. கேபின் ஃபில்டர் புதிது.

பதில்: உள்ளே வரும் காற்று வெளியேற வழி வேண்டும். அந்த வழி பெரும்பாலும் டிக்கியின் பக்கச் சுவருக்குப் பின்னால், பின் பம்பருக்குள் இருக்கும் ரப்பர் மடல்கள். பெட்டிகளை அந்தத் துளைகளை அடைத்துத் திணித்தால் காற்று போகமாட்டாமல் முன்னால் வருவதும் குறையும். சுவரோரம் நாலு விரல் இடம் விட்டு அடுக்குங்கள்.

கேள்வி: உள்பக்கமே பனிக்கட்டி உறைந்துவிடுகிறது. வெந்நீர் ஊற்றலாமா?

பதில்: வெளிப்பக்கம் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம், சின்னக் கல்லடி இருந்தால் நிச்சயம் ஆபத்து. உள்பக்கம் ஊற்றினால் நாளைக்கு உறைவதற்குத் தண்ணீரை நீங்களே கொடுத்ததாகும். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரால் இளக்குங்கள், மூடிய கொட்டகைக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். இளகி வழியும் தண்ணீரை டேஷ்போர்டில் இறங்குவதற்குள் காய்ந்த துணியில் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைக் காருக்கு வெளியே பிழியுங்கள்.