கணினிக் கேள்வி பதில்: பெயர் தெரிகிறது, விவரம் தெரியவில்லை

கேள்வி: திருகோணமலையில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறோம். கலியாண அழைப்பிதழ்கள், கோயில் திருவிழா அறிவித்தல்கள் முதலியவற்றின் கோப்புகளை லினக்ஸில் இயங்கும் பழைய கணினி ஒன்றில் வைத்து, என்எப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்புப் பகிர்வு முறை மூலம் மற்றக் கணினிகளில் இணைத்திருக்கிறோம். சில நாட்களாக ஒரு கோப்புறையைப் பட்டியலிட்டால் பெயர்கள் மட்டும் வருகின்றன. அளவு, திகதி, உரிமையாளர் இருக்க வேண்டிய இடங்களில் கேள்விக்குறிகளே நிற்கின்றன. 'பெர்மிஷன் டினைட்' என்ற செய்தியும் வருகிறது. நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ கட்டளையைப் போட்டாலும் அதே பதில்தான். வட்டு பழுதாகிவிட்டதா? வேறொரு கோப்புறையில், பட்டியலில் தெரியும் கோப்பின் பெயரைத் தட்டச்சிட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. இது ஏன்?
– வாசகர், உவர்மலை

பதில்: வட்டைச் சந்தேகிக்க வேண்டாம். வட்டுப் பழுதாக இருந்தால் பெரும்பாலும் 'இன்புட் அவுட்புட் எரர்' என்ற செய்தி வரும். உங்களுக்கு வந்திருப்பது அனுமதி மறுப்பு.

பட்டியலிடுதல் ஒரே வேலையாகத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு படிகள் உண்டு. முதலில் கோப்புறையிலிருந்து பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அதன் பின்னர் ஒவ்வொரு பெயருக்கும் உரிய அளவும் திகதியும் உரிமையாளரும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. முதற்படிக்குக் கோப்புறையின் மீது வாசிப்பு அனுமதி போதும். இரண்டாம் படிக்கு எக்ஸ் எனக் குறிக்கப்படும் உள்நுழைவு அனுமதி வேண்டும். வாசிப்பு அனுமதி இருந்து எக்ஸ் இல்லாதபோது நீங்கள் காணும் கேள்விக்குறிகள் தோன்றுகின்றன. யாரோ ஒருவர் எல்லோரும் வாசிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அனுமதிகளை மாற்றும் சீஎச்மொட் கட்டளையால் முழுக் கோப்புறைக்கும் 644 என்ற அனுமதியை இட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும், மற்றவர்கள் வாசிக்க மட்டும் விடும் 644 கோப்புகளுக்குச் சரி. கோப்புறைகளுக்கு எல்லோருக்கும் எக்ஸையும் சேர்த்துத் தரும் 755 வேண்டும். சேர்வரில், அதாவது கோப்புகள் இருக்கும் பழைய கணினியில், அமர்ந்து அதே சீஎச்மொட் கட்டளையைப் பெரிய எழுத்து எக்ஸ் இட்டு இயக்கினால், அது கோப்புறைகளுக்கு மட்டும் உள்நுழைவு அனுமதியைச் சேர்க்கும். சாதாரணக் கோப்புகளைத் தொடாது. சிறிய எழுத்தை இட்டுவிட்டால் அழைப்பிதழ்களெல்லாம் இயக்கத்தக்க நிரல்களாகக் குறிக்கப்பட்டுவிடும் என்பதைக் கவனிக்கவும்.

அதன் பின்னரும் சரிவராவிட்டால் பயனர் எண்ணைப் பாருங்கள். வழக்கமான என்எப்எஸ் அமைப்பில் சேர்வருக்குச் செல்வது உங்கள் பெயர் அல்ல, பயனர் எண்தான். உங்கள் கணினியில் நீங்கள் 1000 ஆகவும், சேர்வரில் அதே பெயருக்குரிய எண் 1001 ஆகவும் இருந்தால், சேர்வர் உங்களை அந்நியராகவே கருதும். இரு கணினிகளிலும் ஐடி என்ற கட்டளையை இட்டு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சூடோ உதவாததற்கும் காரணம் உண்டு: ரூட் ஸ்குவாஷ் என்னும் இயல்பான ஏற்பாடு, வெளிக் கணினியிலிருந்து வரும் ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிப் பயனரை எந்த உரிமையும் இல்லாத பயனராக மாற்றிவிடுகிறது. சிலர் எரிச்சலில் அதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடும் நம்மைப் போன்றவர்களுக்கே அதிகம் நேர்வது. யுனிகோட் முறையில் 'கோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்புக்கும் காலுக்கும் உரிய இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் 'திருகோணமலை' என்ற பெயர் முதல் முறையில் 30 பைட்டுகளும் இரண்டாவது முறையில் 33 பைட்டுகளும் கொள்வதால், லினக்ஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் எச்எப்எஸ் பிளஸ் வட்டமைப்பு பிரித்தெழுதும் முறையையே பின்பற்றியது. வடிவமைப்புக்கு மேக் பயன்படுத்தியிருந்தால் அங்கிருந்து படியெடுத்த கோப்புகள் அந்த வடிவிலேயே வந்திருக்கலாம். கொன்வ்எம்வி என்ற கருவி இத்தகைய பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் அது எதையும் மாற்றாமல், எவையெவை மாறும் என்பதை மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்த பின்னரே உண்மையான மாற்றத்துக்கு உத்தரவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விருந்தினர் விடுதியின் கணக்குகள் வலையமைப்புக் கோப்புறையில் உள்ளன. மின்தடைக்குப் பிறகு கணினியை இயக்கினால் கோப்புறை வெறுமையாக இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிறிது நேரம் கழித்து மீண்டும் இயக்கினால் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் இடையில் சேமித்த ஒரு பற்றுச்சீட்டை மட்டும் காணவில்லை.
– வாசகி, நிலாவெளி

பதில்: மின்சாரம் திரும்பியதும் உங்கள் கணினி சேர்வரை முந்திக்கொண்டு எழுந்துவிடுகிறது. சேர்வர் தயாராக இல்லாததால் இணைப்பு நடைபெறுவதில்லை. நீங்கள் காண்பது இணைப்புக்காக உங்கள் சொந்த வட்டில் வைக்கப்பட்டிருக்கும் வெற்றுக் கோப்புறை. பற்றுச்சீட்டு அதற்குள்தான் இருக்கிறது. பின்னர் இணைப்பு ஏற்பட்டதும் அது மறைந்துகொண்டது. இணைப்பைக் கழற்றிவிட்டு அதே கோப்புறையைத் திறந்தால் அது தென்படும்.

இனி இது நேராதிருக்க, எவற்றை எங்கே இணைப்பது என்று பதிந்திருக்கும் எப்எஸ்டாப் கோப்பில், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஓட்டோமவுண்ட் தெரிவைச் சேருங்கள். கோப்புறையைத் திறக்கும்போதுதான் இணைப்பு முயற்சிக்கப்படும். அத்துடன், இணைப்பு இல்லாத வேளையில் அந்த வெற்றுக் கோப்புறைக்கு சீஎச்அட்டர் கட்டளையால் மாற்றவியலாத தன்மையைக் கொடுத்துவிட்டால், அதற்குள் எவரும், ரூட் பயனரும்கூட, தவறுதலாக எழுத முடியாது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அக்கோப்புறையை ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் கருவி மூலம் தினமும் காப்புப்படி எடுத்து, மூலத்தில் இல்லாதவற்றை நீக்கும் தெரிவையும் இட்டிருந்தால், வெறுமையாகத் தெரியும் ஒரு நாளில் காப்புப்படி முழுவதும் அழிந்துபோகும். காப்புப்படி தொடங்குவதற்கு முன் மவுண்ட்பொயின்ட் கட்டளையால் இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: உபுண்டுவைப் புதுப்பித்த பின் பழைய சேமிப்புப் பெட்டியை இணைத்தால் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்கிறது. பெட்டியோ இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.
– வாசகர், கிண்ணியா

பதில்: பெட்டி எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதற்பதிப்பை மட்டுமே பேசுகிறது போலும். 2017ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 4.13 முதல் அப்பதிப்பு இயல்பாகப் பயன்படுத்தப்படுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் பரவிய வன்னாகிரை தீநிரல் புகுந்ததும் விண்டோஸில் அப்பதிப்பைக் கையாண்ட பகுதியின் ஓட்டை வழியாகவே. பெட்டியின் அமைப்புகளில் இரண்டாம் பதிப்பை இயக்கும் வசதி இருந்தால் அதுவே தீர்வு. இல்லையேல் இணைக்கும்போது பதிப்பு எண்ணை 1.0 எனக் குறிப்பிட்டு, கோப்புகளைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டு, பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.