அமெரிக்க மல்யுத்த வீராங்கனை ஃபேபுலஸ் மூலா மகளிர் மல்யுத்தப் பட்டத்தை 28 ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்தார் என்பது உண்மையா?

இல்லை. நீங்கள் ஏதோ வினாடி வினாவுக்குத் தயாராகும்போதுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படியொரு மேடையில்தான் இந்த 28இடம் அடிவாங்கினேன்.

கல்லூரி இறுதியாண்டில், போட்டியின் கடைசிச் சுற்றில், 28 ஆண்டுகள் இடைவிடாமல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் மகளிர் சாம்பியனாக இருந்தவர் யார் என்று கேட்டார்கள். பஸ்ஸரை அழுத்தி, "ஃபேபுலஸ் மூலா, ஆனால் இடைவிடாமல் இல்லை" என்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்று சொன்ன நடத்துநர் மதிப்பெண் தர மறுத்துவிட்டார். ஐந்து மதிப்பெண்ணில் கோப்பை போயிற்று.

1956 செப்டம்பரில் பால்டிமோரில் ஜூடி கிரேபிளை வென்று மூலா உலக மகளிர் பட்டத்தைப் பெற்றபோது, இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் நிறுவனத்துக்கு மகளிர் பட்டம் என்ற ஒன்றே கிடையாது. அதன் பிறகு 1966இல் பெட்டி பௌச்சரிடமும், 1968இல் ஜப்பானில் யுகிகோ டோமோயேவிடமும், 1976இல் சூ கிரீனிடமும், 1978இல் எவலின் ஸ்டீவன்ஸிடமும் அவர் பட்டத்தை இழந்து, ஒவ்வொரு முறையும் விரைவிலேயே மீட்டிருக்கிறார். வின்ஸ் மெக்மேன் நடத்திய அதே நிறுவனம் பட்டத்தின் உரிமையை மூலாவிடமிருந்தே வாங்கிய பிறகு, இந்தத் தோல்விகளையெல்லாம் விட்டுவிட்டு, 1956 தொடங்கி ஒரே ஆட்சியாகத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டது. 1984 ஜூலை 23 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பாடகி சிண்டி லாப்பர் பக்கத்தில் நிற்க, எம்.டி.வி. ஒளிபரப்பில் வெண்டி ரிக்டர் மூலாவை வென்றார். 28 ஆண்டுச் சாம்பியன் வீழ்ந்தார் என்றால்தானே அந்த இரவுக்கு எடை கூடும்!

எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்து ஆடுவதுதானே, இதில் பொய் என்ன மெய் என்ன என்று பின்னூட்டத்தில் கேட்க வருபவர்கள் 1985 நவம்பர் 25ஐயும் பார்த்துவிட்டு வரட்டும். அதே அரங்கில் ஸ்பைடர் லேடி என்ற முகமூடிக்காரி ரிக்டரைச் சாய்த்து அமுக்கினார். தோல்வியைத் தவிர்க்க ரிக்டர் தோளைத் தரையிலிருந்து தூக்கிவிட்ட பிறகும் நடுவர் மூன்றுவரை மளமளவென்று எண்ணி முடித்தார். மணி அடித்தும் ரிக்டர் விடாமல் சண்டை போட்டு முகமூடியைப் பிய்த்தெடுத்தார். உள்ளே இருந்தவர் மூலா. ஊதியம் தொடர்பாக நிறுவனத்துடன் மனத்தாங்கலில் இருந்த ரிக்டருக்கு மட்டும் அன்றைய முடிவைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அன்றிரவே அவர் நிறுவனத்தை விட்டுப் போனார். ஆட்டம் எழுதி வைத்ததாகவே இருக்கட்டும். பறிபோன பிழைப்பு அவருடையதுதானே?

மூலாவின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. 1999இல், 76 வயதில், ஐவரி என்ற வீராங்கனையை வென்று அதே பட்டத்தை மீண்டும் இடுப்பில் கட்டியவர் அவர். மேடையில் கேட்டால் பேசாமல் "மூலா" என்று மட்டும் சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நான்கு பெண்களின் பெயர்களைக் கீழே இறங்கி வந்து சொல்லிக்கொள்ளலாம்.